ஏழு வாரம் இருக்கிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது!

வாசகர் கேள்வி – பதில்

நெடுந்தூர ஓட்டத்துக்கும் சைக்கிள் பயணத்துக்கும் பயிற்சி எடுக்கும் வாசகர்கள் முதுகுப் பிடிப்பு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, இயன்முறை மருத்துவரும் ஓட்டப் பயிற்சியாளரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

எனக்கு வயது 41. ஜனவரியில் சென்னையில் முழு மராத்தான் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். வாரத்துக்கு 55 கி.மீ. வரை வந்துவிட்டேன். ஞாயிறன்று 26 கி.மீ. ஓடினேன், ஒரு தொந்தரவும் இல்லை. திங்கள் காலை எழுந்ததும் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்தேன்; இடுப்பில் சுளீரென்று பிடித்தது. உடம்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. இன்று மூன்றாம் நாள், படுத்தே கிடக்கிறேன். போட்டிக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. ஓட முடியுமா?
– வாசகர், மதுரை

ஓடுவதற்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு சோதனை. சிறுநீர் இறங்காமல் நிற்கிறதா, தெரியாமலே போய்விடுகிறதா? உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்திருக்கின்றனவா? இரண்டு காலிலும் வலி இறங்குகிறதா? பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் தேய்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே படிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. காய்ச்சல், படுத்தாலும் குறையாத இரவு வலி, காரணம் தெரியாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தது என்றால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையா? அப்படியானால் படுக்கையைச் சுருட்டுங்கள். முதுகுப் பிடிப்புக்கு முழு ஓய்வு என்பது பழைய வைத்தியம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் படுத்தால் தசை இன்னும் விறைக்கும், எழுந்திருக்கும் பயமும் கூடும்.

என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். 26 கி.மீ. ஓடிய மறுநாள் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளும் பின்புறத் தசைகளும் களைத்திருக்கும். இரவு முழுக்கப் படுத்திருந்ததில் டிஸ்க்குகள், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தைகள், தண்ணீர் உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பதற்கு அதுதான் காரணம். உப்பிய டிஸ்க்கை வளைப்பது கடினம், அதன் மேல் உறைக்கு இழுவையும் அதிகம். இந்த நிலையில் கேன். முதுகுத் தசைக்கும் எலும்பின் நடு அச்சுக்கும் இடையே சுமார் 5 செ.மீ.தான் தூரம். கேனை உடம்பிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால், அந்த 20 கிலோவைத் தாங்க முதுகுத் தசை எட்டு மடங்கு, அதாவது 160 கிலோ விசை கொடுக்க வேண்டும். உங்கள் மேலுடம்பின் எடை இதில் சேரவில்லை. எங்கோ ஒரு சிறு இழை நைந்தது. உடனே சுற்றியுள்ள தசைகள் எல்லாம் சேர்ந்து கதவைச் சாத்திக்கொண்டன. அந்தச் சாத்தல்தான் பிடிப்பு. உடம்பு கோணி நிற்பதும் அதனால்தான். எலும்பு எதுவும் விலகவில்லை.

அடுத்த மூன்று நாளுக்கு வேலை இதுதான். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, 5 நிமிடம் வீட்டுக்குள்ளோ மாடியிலோ நடங்கள். கை வீசி, குட்டி அடியாக. நடுவில் வலி கூடினால் தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலியின் மேல் வைத்து 10 நிமிடம் கிடங்கள். சூடு ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்ததும் சரி, வெந்நீர்ப் பையும் சரி. இரண்டுக்கும் அடியில் ஒரு துண்டு இருக்கட்டும். பையை வைத்தபடி தூங்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும், எச்சரிக்கை.

எழுந்திருக்கும் முறை முக்கியம். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயல்வதுதான் பெரும்பாலோரை மறுபடி அலற வைக்கிறது. கட்டிலில் என்றால் முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வதுபோல ஒருக்களியுங்கள். காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டே முழங்கையை ஊன்றி எழுங்கள். பாயில் படுப்பவர்கள் குப்புறத் திரும்பி, கையும் முழங்காலும் ஊன்றி, பக்கத்தில் நாற்காலி வைத்துப் பிடித்து எழ வேண்டும். பல் துலக்கும்போது ஒரு கையைத் தொட்டியின் ஓரத்தில் ஊன்றுங்கள். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்து, முழங்காலைத் தளர்த்தி, முதுகை நிமிர்த்தி வைத்துத் தும்முங்கள். குனிந்து தும்மினால் பிடித்த இடமே மறுபடி பிடிக்கும். ஒரு வாரத்துக்கு இந்தியக் கழிப்பறையும் டூ வீலரும் வேண்டாம். மதுரை வேகத்தடைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை? பாராசிட்டமால் இந்த வலிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையை விட மேலாக வேலை செய்யவில்லை என்று 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை உதவும். மருத்துவர் சொன்னால் சாப்பாட்டுக்குப் பிறகு, சில நாள் மட்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தசை தளர்த்தும் மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளில் பலவும் தூக்கம் தருபவை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

இப்போது ஓட்டம். நீங்கள் நினைப்பது போல ஆபத்தான நாள் இன்றல்ல. ஆறாம் நாளோ எட்டாம் நாளோ, காலையில் எழும்போது வலியே தெரியாமல் ஒரு நாள் வரும். அன்றுதான் ஆபத்து. விட்டுப்போன கிலோமீட்டரை வட்டியோடு கட்டிவிடலாம் என்று 15 கி.மீ. கிளம்புவார்கள், பத்தாவது கிலோமீட்டரில் மறுபடி பூட்டிக்கொள்ளும். வலி போவது ஒன்று, களைத்த தசை பழைய பலத்துக்கு வருவது வேறு. இரண்டுக்கும் நடுவே பத்து நாளாவது இருக்கிறது.

ஓடத் தொடங்கும் முன் மூன்று பரீட்சை: 30 நிமிடம் வேக நடை நடந்து மறுநாள் காலை வலி கூடவில்லை, சாக்ஸ் போடுகிற அளவுக்கு ஒற்றைக் காலில் நிற்க முடிகிறது, ஒவ்வொரு காலிலும் பத்துக் குதி குதித்தால் இடுப்பில் குத்தவில்லை. தேறினால் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, பத்துச் சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த தடவை 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. பிறகு தொடர்ச்சியாக 20 நிமிடம். பத்துக்கு மூன்று வரை வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலை அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஒரு படி கீழே. அடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 விழுக்காடு கூட்டுங்கள்; 160 வைப்பவர் 168. காலை உடம்புக்கு முன்னால் நீட்டி வைக்கும் பழக்கம் தானே குறையும், இடுப்புக்கு ஏறும் அதிர்வும் குறையும். ஒரு பக்கம் சரிந்த சாலை ஓரமும் மேம்பாலத்து இறக்கமும் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் ஏழு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் நடை மட்டும். இரண்டாம் வாரம் நடையும் ஓட்டமும் கலந்து 20 கி.மீ. மூன்றாம் வாரம் 33, அதில் நீண்ட ஓட்டம் 14. நான்காம் வாரம் 41, நீண்டது 20. ஐந்தாம் வாரம் 50, நீண்டது 26. ஆறாம் வாரம் 35க்கு இறக்கம். ஏழாவது போட்டி வாரம். வேகப் பயிற்சிக்கு இதில் இடமில்லை. நான்காம் வார முடிவில் அந்த 20 கி.மீ. இடுப்பு பேசாமல் முடியவில்லையென்றால் அரை மராத்தானுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடிந்தாலும் பழைய நேர இலக்கை மறந்துவிட்டு, தொடக்கத்திலிருந்தே 9 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடக்கும் கணக்கில் போங்கள். மூச்சுத் திறன் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். ஒரு வாரம் ஓடாததால் பெரிதாக ஒன்றும் குறையாது. மூன்று வாரம் முற்றிலும் சும்மா இருந்தால்தான் சுமார் 7 விழுக்காடு இறங்கும். அருகில் நீச்சல் குளம் இருந்தால் நெஞ்சளவு தண்ணீரில் ஓடலாம்.

பலப்படுத்த மூன்று பயிற்சி போதும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் தேர்ந்தெடுத்தவை இவை. மல்லாந்து, ஒரு முழங்காலை மடக்கி, இடுப்பின் வளைவுக்கு அடியில் கைகளை வைத்து, தலையையும் தோளையும் இரண்டு விரற்கடை மட்டும் தூக்குவது. ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்கும் சைடு பிளாங்க், முதல் வாரம் முழங்காலை மடக்கியே செய்யலாம். நான்கு காலில் நின்று வலக்கையையும் இடக்காலையும் நீட்டும் பேர்ட் டாக். ஒவ்வொரு பிடிப்பும் 8 முதல் 10 விநாடி. முதலில் ஆறு தடவை, சற்று ஓய்வு, பிறகு நான்கு, பிறகு இரண்டு. பேர்ட் டாக்கில் எல்லோரும் செய்யும் தவறு காலைக் கூரை நோக்கி உயர்த்துவது. இடுப்பின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்; சிந்தக் கூடாது.

குனிந்து கால் விரலைத் தொடுவது, வயிற்றுக்காகச் செய்யும் சிட் அப், சூரிய நமஸ்காரத்தில் வரும் பாதஹஸ்தாசனம் மூன்றையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். அதன் பிறகும் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். தண்ணீர் கேனுக்கும் அதே விதி.

ஸ்கேனில் ‘எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம்’ (கீழ் முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே) என்று வந்திருக்கிறது. வலி இப்போது இல்லை. இனி ஓடவே கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். வயது 38. அரை மராத்தான் பயிற்சியில் இருக்கிறேன்.
– வாசகி, திருநெல்வேலி

வலியே இல்லாதவர்களை வரிசையாக நிற்க வைத்து ஸ்கேன் எடுத்தாலும் இதே வாசகம் வரும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முதுகு வலி இல்லாத 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 20 வயதில்கூட 30 விழுக்காடு. நரையைப் போல அதுவும் வயதின் அடையாளம். காலில் பலக் குறைவோ மரத்துப்போதலோ இல்லாமல், முழங்காலுக்குக் கீழே வலி இறங்காமல் இருந்தால் ஓடலாம். படத்தை வீட்டில் காட்டுவதைவிட, 30 நிமிடம் நடந்துவிட்டு வந்து காட்டுங்கள்.

பிடிப்பு வந்ததும் ஊரில் கால் முன்னே வந்து பிறந்தவரை அழைத்து மிதிக்கச் சொல்கிறார்கள். எண்ணெய் போட்டு உலக்கையை உருட்டுகிறார்கள். ‘வாயுப் பிடிப்பு, பூண்டு சாப்பிடு’ என்கிறார் அம்மா. இதில் எது சரி?
– வாசகர், புதுக்கோட்டை

பூண்டால் கெடுதல் இல்லை, சாப்பிடுங்கள். ஆனால் வயிற்று வாயு முதுகுத் தசைக்குள் போய் உட்காருவதில்லை. வாயு விலகியதால் குறைந்தது போலத் தோன்றுவது, பிடிப்பு தானாகவே இரண்டு மூன்று நாளில் தளர்வதால்தான். மிதித்ததும் சரியாகிவிட்டது என்பதற்கும் இதே விளக்கம்.

எண்ணெய் தேய்த்து உள்ளங்கையால் மெதுவாக நீவுவதில் பலன் உண்டு. நொச்சி இலை, தவிடு ஒத்தடமும் நல்லவையே. அவை தருவதும் சூடுதான். உலக்கையை முதல் மூன்று நாள் தொடாதீர்கள். அழுத்தினால், காவலுக்கு இறுகிய தசை இன்னும் இறுகும். நாலாம் நாளுக்குப் பிறகு தொடைக்கும் பின்புறத்துக்கும் உருட்டலாம், முதுகெலும்பின் மேல் கூடாது. மிதிப்பது மட்டும் எப்போதும் வேண்டாம். எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கு அது முறிவில் முடியும்.

200 கி.மீ. பிரெவே (காலக்கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டத் தயாராகிறேன். சமதரையில் ஒன்றுமில்லை. ஏற்காடு ஏறும்போது ஏழெட்டு வளைவு தாண்டியதும் கீழ் முதுகு இறுகிவிடுகிறது. கியர் 50/34 முன்னால், 11–28 பின்னால். முதுகில் 2 லிட்டர் தண்ணீர்ப் பை.
– வாசகர், சேலம்

கியர் விவரத்தையும் எழுதியது நல்லதாயிற்று. பாதி விடை அதில் இருக்கிறது. உங்களிடம் உள்ள மிக இலகுவான கியர், முன்னால் 34, பின்னால் 28 பல். ஒரு மிதிக்குச் சக்கரம் 1.21 சுற்று, அதாவது ஏறக்குறைய இரண்டரை மீட்டர் போகும். ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 52 மிதிதான். இருபது கொண்டை ஊசி வளைவும் இந்த வேகத்தில் மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில்பாரை இழுத்து, இடுப்பை முறுக்கித்தான் தள்ள முடியும். பின்னால் 34 பல் உள்ள கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) போட்டால் அதே வேகத்துக்கு 63 மிதி. தள்ளும் விசை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். கடையில் கேசட்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் செயினைப் பல் மாற்றிப் போடும் டெரெய்லர் குட்டைக் கூண்டு உள்ளதாக இருந்தால் 34 பல்லைத் தாங்காது. நீளக் கூண்டு உள்ளதா என்று பாருங்கள், செயினும் சில கண்ணி நீளமாக வேண்டும்.

அடுத்து சீட் உயரம். உங்களுக்குப் பின்னால் ஒருவரை ஓட்டிவரச் சொல்லி, இடுப்பு இடமும் வலமும் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் சீட் அளவுக்கு மேல் உயரமாக இருக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் வளையாமல் நேராக இருக்க வேண்டும், எட்டிப் பிடிக்கக் கூடாது. தடவைக்கு 3 மி.மீ. மட்டும் இறக்கி, இரண்டு பயணம் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் 2 செ.மீ. இறக்கினால் முதுகு விட்டு முழங்கால் பிடிக்கும். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து கீழ் முதுகு கூன் போடும். சமமாகவோ இரண்டு டிகிரி கீழாகவோ வையுங்கள். அலைபேசியில் உள்ள மட்டக் கருவியே போதும்.

தண்ணீர்ப் பையை முதுகிலிருந்து இறக்குங்கள். இரண்டு கிலோ சிறிதல்லவா என்று தோன்றும். குனிந்த முதுகில் எட்டு மணி நேரம் தாங்கும்போது அது சிறிதில்லை. சட்டத்தில் 750 மி.லி. பாட்டில் இரண்டு போதும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு இரண்டாவது வளைவிலும் ஒரு கியர் இறுக்கி, சீட்டிலிருந்து எழுந்து 20 மிதி. 200 கி.மீ.க்குக் காலக்கெடு 13 மணி 30 நிமிடம். மணிக்கு 15 கி.மீ.க்குள் வரும் சராசரிதான். கட்டுப்பாட்டு நிலையத்தில் இரண்டு நிமிடம் சுவரில் கை வைத்து முதுகைப் பின்னால் வளைக்க நேரம் இருக்கிறது.

நீண்ட ஓட்டம் முடிந்த அன்று மாலை, விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வலி வந்து அடிவயிறு வரை இறங்கியது. பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன், குறையவில்லை. சிறுநீரும் சற்று செந்நிறம்.
– வாசகர், வேலூர்

தைலத்தை மூடி வையுங்கள். இது சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். தசைப் பிடிப்புக்காரர் ஆடாமல் படுத்தால் நிம்மதி அடைவார். கல்லடைப்புக்காரர் எப்படிப் படுத்தாலும் நிம்மதி இல்லாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். வலி அலை அலையாக வந்து இடுக்கு வரை இறங்குவதும் கல்லின் குணம். சிறுநீர்ப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் எடுத்துவிடுங்கள், காய்ச்சலோ குளிரோ சேர்ந்தால் அன்றே. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போய், உடம்பு முழுக்கத் தசை வலியும் இருந்தால் அது வேறு. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை, உடனே மருத்துவமனை.

வேலூர் வெயிலில் ஓடுபவர் எடையைப் பாருங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போட்டு, 60 கிலோவில் 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் தண்ணீர் போதவில்லை.

போட்டியன்று காலை முன்னெச்சரிக்கையாக ஒரு வலி மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் போட்டுக்கொண்டு ஓடலாமா?
– வாசகர், கோவை

மாத்திரை கூடாது. 80 கி.மீ. ஓட்டங்களில் செய்து 2017இல் வெளியான ஆய்வில், இபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி தெரிந்தது. வியர்வையில் தண்ணீர் வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும் நேரம் அது. மாத்திரை அதையும் சுருக்குகிறது. கடைசி மாத்திரைக்கும் போட்டிக்கும் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

பிடிப்பு வந்த முதல் வாரத்தில், பேருந்தில் வரும்போது பெல்ட்டை ஓரிரு மணி நேரம் கட்டலாம். ஓடும்போது கட்டினால் மூச்சு மேலே நெஞ்சுக்கு ஏறும், தோல் உரியும், 30ஆவது கிலோமீட்டரில் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.